இருபதாவது வீடு

எங்கள் கலாத்தே பனே கிராமத்தில் எத்தனை வீடு என்றால், அது கேட்கிற ஆளைப் பொறுத்தது. மின்சாரச் சீட்டு கொண்டுவருகிறவர் கேட்டால் பதினாறு என்போம். மானிய மாவு அளக்கிறவர் கேட்டால் இருபத்திநாலு. எங்களுக்குள் எண்ணிக்கொண்டால் பத்தொன்பது. பத்து வருஷத்துக்கு முந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பத்தொன்பதுதான். பீர்ஜந்து நகரத்துக்குக் குடிபோன குடும்பங்களுக்கு ஈடாக இங்கே கல்யாணமாகித் தனியே வந்த குடும்பங்கள் இருந்தன. அதனால் அந்த எண் அசையாமல் கிடந்தது.

அதை இருபது ஆக்குகிற யோசனையோடு வந்தார் சஃப்தர் ஹாஜி. அவர்தான் எங்கள் ஊர் மன்றத் தலைவர். ஆபான் மாதம் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. குங்குமப்பூ பூக்கிற மாதம். விடியுமுன் பறித்துவந்த பூவை என் வீட்டு நடு அறையில் துணி விரித்துக் கொட்டியிருந்தோம். முழங்கால் உயரத்துக்கு ஊதாக் குவியல். அதைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து, பூவைப் பிளந்து, உள்ளே இருக்கிற மூன்று சிவப்பு இழையை உருவித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தோம். எல்லோர் விரலும் மஞ்சள். அந்த வாசனையில் பாதிப் பேருக்குத் தலைவலி.

ஹாஜி வாசலில் நின்று இரண்டு தரம் இருமினார். நாங்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டதும் உள்ளே வந்தார்.

"சேதி தெரியுமா? கணக்கெடுக்க ஆள் வர்றான். நாளைக்கோ நாளன்னைக்கோ."

"வரட்டும். உட்கார்ந்து நாலு பூ உரிச்சுக் குடுத்துட்டுப் போகட்டும்" என்றேன் நான்.

"விளையாட்டு இல்ல ரொபாபே. இருபது வீடு இருந்தா ஊருக்கு ஒரு சுகாதார அறை உண்டாம். நர்ஸு, மருந்து, பிரசவம் பார்க்க ஆளு. மாவட்ட ஆபீஸ்ல என் காதால கேட்டுட்டு வர்றேன்."

"நமக்குத்தான் ஒண்ணு குறையுதே."

"அங்கதான் விஷயம். இந்த வருஷம் குறையல!" என்றவர் முகம் மலர்ந்து, பிறகு குவியலின் ஒரு கோடியில் இருந்த இஸ்மத்தையும் மறு கோடியில் இருந்த மாஹ்ரூவையும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "பராத்தும் யதுல்லாவும் இப்ப தனித்தனிச் சட்டிதானே?"

இஸ்மத்தின் விரலில் ஒரு இழை அறுந்தது.

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அந்த வீட்டுச் சண்டை தீரணும்னு அஞ்சு வேளையும் நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா இந்த ஒரு வாரம் மட்டும் தீரவேண்டாம்."

"நல்லாருக்கு உங்க தொழுகை" என்றேன்.

மாஹ்ரூ நிமிரக்கூட இல்லை. மடியை முட்டிக்கொண்டிருந்த வயிற்றின் மேல் தட்டை வைத்துக்கொண்டு இழையை உருவியபடியே சொன்னாள்:

"கவலைப்படாதீங்க ஹாஜி. தீராது."

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மண்சுவர்தான். அந்தப் பக்கம் சாம்பல் அள்ளினால் இந்தப் பக்கம் தும்மல் வரும். அதனால் நடந்தது எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பராத் மூத்தவன், யதுல்லா இளையவன். பெற்றவர்கள் போனபிறகும் ஒரே முற்றம், ஒரே நிலம், ஒரே சட்டி. பராத்தின் பெண்சாதி இஸ்மத்துக்குப் பிள்ளை இல்லை. யதுல்லாவைக் கட்டிக்கொண்டு மாஹ்ரூ வந்தபோது, எதிரில் போய்க் கைபிடித்துக் கூட்டிவந்தவள் இஸ்மத்தான். ரொட்டி சுடுகிற நாளில் ஒருத்தி மாவை வீச, ஒருத்தி தந்தூரில் ஒட்ட, சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கு அவர்கள் சிரிப்பில் வேலை ஓடாது.

போன வருஷம் இதே ஆபானில், பூ மொத்தமாக வெடித்த ஒரு விடியலில் மாஹ்ரூவுக்கு வலி கண்டது. தலைப்பிள்ளை. ஊரில் நாலு சக்கர வண்டி என்று இருப்பது பராத்தின் நீல வேன் ஒன்றுதான். யதுல்லா ஓடிப்போய் வயலில் அண்ணனைக் கூப்பிட்டான். பராத் குனிந்த தலை நிமிராமல் சொன்னானாம்: "தலைப்பிள்ளை லேசுல வராது. இந்தப் பாத்தி முடியட்டும். வெயில் ஏறினா பூ வாடிப்போகும். முடிச்சதும் போயிரலாம்." அண்ணன் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாத யதுல்லா, தானும் குனிந்து பறிக்க ஆரம்பித்தான், சீக்கிரம் முடிந்துவிடும் என்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிள்ளை வேனிலேயே, ஆற்று மணல் தாண்டுகிற இடத்தில் பிறந்தது. பெண். அது அழவே இல்லை.

நாற்பது நாள் கழித்து மாஹ்ரூ எழுந்தாள். முற்றத்தின் மேற்கு மூலையில் தன் கையால் மண் குழைத்து ஓர் அடுப்புப் போட்டாள். தன் சட்டி, தன் தட்டு, தன் மாவு மூட்டை எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோனாள். அன்றிலிருந்து பராத்துடன் பேச்சில்லை. இஸ்மத்துடன், கேட்டதற்குப் பதில். பராத்தும் மன்னித்துக்கொள் என்று வாயால் கேட்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே நிலத்தில் மண்வெட்டி பிடித்தார்கள். வெயில் ஏறியதும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள்.

இப்போது மாஹ்ரூ மறுபடி எட்டு மாதம் முடிந்து நின்றாள். அந்த நீல வேனைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பீர்ஜந்தில் அவள் அக்கா வீடு இருக்கிறது. மாதக் கடைசிக்கு முன் மினிபஸ்ஸில் அங்கே போய்விடுவது என்று ஏற்பாடு. அக்கா வீட்டில் இடம் ஒழித்து வைக்கச் சொல்வதற்காக யதுல்லா ஹாஜியின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் மத்தியானம் திரும்புவதாகச் சொல்லியிருந்தான். அவன் போன அன்றுதான் கணக்கெடுக்கிற ஆள் வந்து சேர்ந்தான்.

பெயர் பெஹ்ரூஸ். பள்ளிக்கூட வாத்தியாராம். ஒல்லியான பையன், கண்ணாடி முழுக்கத் தூசி. காலையில் வரவேண்டியவன் பின்மாலையில் வந்தான்.

"உங்க ஊரு எங்கதாங்க இருக்கு?" என்றான், தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு. "என் வரைபடத்துல ஆத்துக்கு வடகரைன்னு போட்டிருக்கு. அங்க போனா ஒரு இடிஞ்ச ஆட்டுப்பட்டியும் நரியும்தான் இருக்கு. ரெண்டு மணி நேரம் சுத்தினேன்."

"நரியை எழுதிக்கிட்டீங்களா? ஒரு வீடு கூடுமே" என்றார் ஹாஜி.

"இத்தனை வருஷமா ஊரைத் தூக்கி அக்கரையில வச்சிருக்காங்களா?" என்று கேட்டேன். "அதான் எந்த அதிகாரியும் எங்க கண்ணுல படல."

ஹாஜி அவனை வீடு வீடாகக் கூட்டிப்போனார். எங்கள் வீட்டை முடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் நுழைந்தபோது நானும் பின்னாலேயே போனேன். அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார என்னால் முடியவில்லை. பராத் முற்றத்தில் கூடைக்குப் பிடி கட்டிக்கொண்டிருந்தான். இஸ்மத் கிழக்கு அடுப்பில் காய்ந்த தயிர்க்கட்டியைக் கரைத்துக் கொதிக்கவிட்டிருந்தாள். மேற்கு அடுப்பில் மாஹ்ரூ டர்னிப் அவித்துக்கொண்டிருந்தாள்.

பெஹ்ரூஸ் இரண்டு அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இங்க எத்தனை குடும்பம்?"

"ரெண்டு!" என்றார் ஹாஜி.

"நீங்க சொல்லக்கூடாது. வீட்டுக்காரங்க சொல்லணும். ஒரே சட்டியில சாப்பிட்டா ஒரு குடும்பம். தனித்தனின்னா ரெண்டு."

"ரெண்டு" என்றாள் மாஹ்ரூ.

"ஒண்ணு" என்றான் பராத்.

ஹாஜி கண்ணை மூடிக்கொண்டார். பராத் கூடையைக் கீழே வைக்கவில்லை, அதைப் பார்த்தபடியே மறுபடி சொன்னான்: "என் தம்பி வேற வீடு இல்ல. எழுதிக்குங்க. ஒண்ணு."

மாஹ்ரூ கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினாள்.

"எந்த வாயால சொல்றீங்க? ஒரு வீடுன்னா ஒருத்திக்கு வலின்னா இன்னொருத்தருக்கும் வலிக்கணும். உங்களுக்கு வலிச்சுதா? ரெண்டுன்னு எழுதுங்க தம்பி. நல்லா அழுத்தி எழுதுங்க."

"மாஹ்ரூ, வேத்து ஆளு நிக்கிறாரு" என்றாள் இஸ்மத்.

"நிக்கட்டும். நம்மளத்தானே கணக்கெடுக்க வந்திருக்காரு? எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

பராத் கூடையைக் கீழே வைத்தான். எழுந்து ஆட்டுப்பட்டிப் பக்கம் போய்விட்டான்.

பெஹ்ரூஸ் பாவம், பேனாவை மூடித் திறந்து மூடினான். "இந்தம்மா வீட்டுக்காரர் ஊர்ல இல்லையா? அவர் வரட்டும். நாளைக்குப் பேசி ஒரு முடிவா வைங்க. இந்தப் பக்கத்தைக் காலியா விடறேன்" என்றான்.

மறுநாள் அந்த வருஷத்திலேயே பெரிய பூ. பின்னிரவில் உறை பனி விழுந்து, விடியற்காலம் வயல் முழுக்க ஊதாவாகக் கிடந்தது. பத்தொன்பது வீட்டு ஆட்களும் வரிசையாகக் குந்தி, மொட்டு விரியுமுன் கட்டைவிரல் நகத்தால் கிள்ளிக் கூடையில் போட்டபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கு முழங்கால் மடங்காது. நான் வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் "ரொபாபே அக்கா" என்று ஒரு குரல். சத்தமாகக்கூட இல்லை. ஓடினேன். மாஹ்ரூ தன் அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு இருந்தாள். பாவாடை நனைந்திருந்தது.

"மூணு வாரம் இருக்கேக்கா" என்றாள். "இன்னும் மூணு வாரம் இருக்கே. அவரும் இல்லையே."

அவளைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு வயலுக்கு நடந்தேன். இந்தக் கால் அன்றைக்கு எப்படி மடங்கியது, எப்படி நீண்டது என்று எனக்குத் தெரியாது. பராத்தின் வயல் கடைசியில் இருக்கிறது. அவன் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். மாவு ஒட்டிய கையோடு நான் வயல் வரப்பில் வருவதை எழுந்து நின்று பார்த்தான். நான் வாய் திறக்கவே இல்லை. கூடையை அப்படியே போட்டான். அது சாய்ந்து பூ கொட்டியது. திரும்பிப் பார்க்காமல் பாத்திகளை மிதித்துக்கொண்டு குறுக்கே ஓடினான். அவன் பின்னால் இஸ்மத், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

நான் திரும்பிப் போய்ச் சேரும்போது வேன் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. மாஹ்ரூ எழுந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வண்டியில ஏறமாட்டேன்."

"ஏறுடி கண்ணு, வலி நெருங்கி நெருங்கி வருது" என்று இஸ்மத் அழுதாள்.

"ஹாஜி மோட்டார் சைக்கிள் வரட்டும்."

"அதைத்தானே உன் புருஷன் கொண்டுபோயிருக்கான்?"

"அப்ப இங்கயே கிடக்கேன். அந்த ஆத்து மணல்ல இன்னொரு தடவை என்னால முடியாது."

பராத் வேனிலிருந்து இறங்கி வந்தான். அவளுக்கு முன்னால் தரையில் குந்தினான். நெட்டையான ஆள். இப்போது அவன் தலை அவள் இடுப்புக்குக் கீழே இருந்தது.

"மாஹ்ரூ. பூ அங்கயே கிடக்கு. அரைக் கூடைகூடப் பறிக்கல. போட்டுட்டு வந்துட்டேன்."

"போன வருஷம் போடலியே."

"போடல. போட்டிருக்கணும்." தலையைக் குனிந்தான். "அன்னைக்குப் பறிச்ச பூவை நான் உரிக்க விடல. விக்கவும் இல்ல. ஆட்டுப்பட்டிக்குப் பின்னால குழி வெட்டிக் கொட்டி மூடினேன். அவகிட்டக் கேளு."

மாஹ்ரூ இஸ்மத்தைப் பார்த்தாள். இஸ்மத் தலையாட்டினாள். "பதினோரு கூடை" என்றாள். "நானும்தான் மண்ணு தள்ளினேன்."

சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே அது தெரியாது.

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"என்னன்னு சொல்றது?" என்றான் பராத். "சொன்னா அது திரும்பி வருமா? உன் முன்னால வந்து நிக்கவே எனக்கு வெட்கமா இருந்துச்சு. நான் செஞ்சது தப்பு. பெரிய தப்பு. திட்டணும்னா ஆஸ்பத்திரில வச்சுத் திட்டு. இப்ப ஏறு. ஏறலைன்னா உன்னைத் தூக்கிக்கிட்டு நடந்தே போவேன்."

அடுத்த வலி வந்தது. அவள் பல்லைக் கடித்தாள். அது தணிந்ததும் கையை நீட்டினாள். இஸ்மத்துக்கு ஒரு கை, எனக்கு ஒரு கை. அப்படி ஏறினோம்.

கலாத்தே பனேயிலிருந்து தார் ரோட்டுக்கு முப்பத்தொரு கிலோமீட்டர் சரளைப் பாதை. நடுவில் வறண்ட ஆறு. முன்சீட்டில் மூன்று பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். பராத் கதவோடு ஒட்டிக்கொண்டு ஓட்டினான். இஸ்மத் சத்தமாக ஓதிக்கொண்டே வந்தாள். பயத்தில் வரிகள் முன்பின்னாக வந்தன.

"அக்கா, தப்பாச் சொல்றீங்க" என்றாள் மாஹ்ரூ, கண்ணை மூடியபடி.

"எங்க தப்பு?"

"நடுவுல ரெண்டு வரியை முழுங்கிட்டீங்க."

"அல்லாவுக்குத் தெரியாதா என்ன? அவன் சேர்த்துக்குவான். நீ பேசாம மூச்சு விடு."

வலிக்கு நடுவே மாஹ்ரூவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருஷத்துக்குப் பிறகு நான் கேட்கிற சிரிப்பு. அது பாதியிலேயே முனகலாக மாறியது.

ஆற்று மணல் வந்தது. பராத் வேகத்தைக் குறைத்தான். அவள் உடம்பு குலுங்கக் கூடாது என்றுதான் குறைத்தான். மாஹ்ரூ என் கையை நசுக்கினாள். மோதிரம் விரலில் பதிந்து இரத்தம் கட்டியது.

"மெதுவாப் போகாதீங்க!" என்று கத்தினாள். "இங்க நிக்காதீங்க! போங்க, போங்க, போங்க!"

மணல் இரண்டு பக்கமும் சீறியது. வேன் ஒரு தரம் வழுக்கி, குறுக்கே திரும்பி, மறுபடி நேராகி, கரை ஏறிவிட்டது. அதற்கப்புறம் தார் ரோடு வரும்வரைக்கும் பராத் வேகத்தைக் குறைக்கவே இல்லை. இஸ்மத் விட்ட வரியிலிருந்து மறுபடி ஓத ஆரம்பித்தாள்.

பீர்ஜந்து ஆஸ்பத்திரியில் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாஹ்ரூவின் அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் டெலிபோன் உண்டு. அந்த எண் எனக்கு மனப்பாடம். யதுல்லாவுக்குச் சேதி சொல்லும்படி வாசலில் இருந்த ஆளைக் கெஞ்சிப் பேசவைத்தேன். பராத் தாழ்வாரத்தில் சுவரோடு ஒட்டி நின்றான். விரலெல்லாம் மண்ணும் ஊதாவும். ஒருவர் நாற்காலி காட்டினார். அவன் உட்காரவில்லை.

முக்கால் மணி நேரம் இருக்கும். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அழுகை வந்தது. மெலிந்த குரல்தான். ஆனால் நிற்காமல் வந்தது. மூச்சு வாங்கி, மறுபடி, மறுபடி. இஸ்மத் என் தோளில் விழுந்தாள்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "பொண்ணு. ரெண்டு கிலோ நானூறு. அம்மாவும் நல்லாருக்கா. யாரு அப்பா?"

"நான் பெரியப்பா" என்றான் பராத். சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, குல்லாயைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து யதுல்லா ஓடி வந்தான். அண்ணன் தரையில் இருந்த கோலத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டான்.

"டேய், நிக்காதே!" என்று நான் கத்தினேன். "பொண்ணு பிறந்திருக்கா. அழுகிறா பாரு, காது கிழியுது!"

அவன் உள்ளே போவதற்கு முன்னால் குனிந்து அண்ணன் உச்சந்தலையில் முத்தம் வைத்தான். பிறகுதான் கதவைத் தட்டினான்.

நான்காம் நாள் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினோம். வழியெல்லாம் பராத் வயலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாடிக் கருகிப்போயிருக்கும் என்று எங்களுக்கு நிச்சயம். வந்து பார்த்தால் அவர்கள் வீட்டு உள் அறையில் நிழலில் துணி விரித்து, உரித்த இழை சிவப்பாகக் காய்ந்துகொண்டிருக்கிறது. நாங்கள் கிளம்பிய அன்று, வேன் மறைந்த உடனே ஹாஜியின் பெண்சாதி தன் கூடையைத் தூக்கிக்கொண்டு பராத் வயலில் இறங்கியிருக்கிறாள். அவளைப் பார்த்து மற்றவர்களும். தங்கள் பாத்தியில் பாதியை விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. வெயில் ஏறுமுன் முடித்துவிட்டார்கள். பெஹ்ரூஸும் கூட இறங்கினானாம்.

"பத்துப் பூ பறிச்சான். அதுல ஆறு நசுங்கிப்போச்சு" என்று என் வீட்டுக்காரர் முராத் சொன்னார். "கேட்டா, 'எங்க பள்ளிக்கூடத்துல இது சொல்லிக்குடுக்கல'ங்கிறான்."

அந்தப் பெஹ்ரூஸ் பக்கத்து ஊரான ஹவ்ஸே சங்கை முடித்துக்கொண்டு அன்று மத்தியானம் திரும்பி வந்தான். காலியாக விட்ட பக்கத்தை நிரப்பவேண்டுமே. ஹாஜி அவனுக்கு முன்னால் வந்து பராத் வீட்டு முற்றத்தில் குந்தியிருந்தார். முகத்தில் கவலை. அவர் கவலைக்குக் காரணம் இருந்தது.

மேற்கு அடுப்பில் பெரிய சட்டி ஏறியிருந்தது. அது இஸ்மத்தின் சட்டி. பிள்ளை பெற்றவளுக்காகக் காச்சி என்கிற இனிப்புக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். மாவை நெய்யில் சிவக்க வறுத்து, சர்க்கரைப் பாகு ஊற்றி, அன்றைக்கு உரித்த குங்குமப்பூவைத் தாராளமாகக் கரைத்துவிட்டிருந்தாள். கிழக்கு அடுப்பில் பூனை படுத்திருந்தது. மாஹ்ரூ வாசலில் மெத்தை போட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். யதுல்லா விறகு உடைத்தான்; பராத் அதை எடுத்து அடுக்கினான்.

பெஹ்ரூஸ் உட்கார்ந்து பேனாவைத் திறந்தான். "முடிவு பண்ணியாச்சா? எத்தனை?"

"தம்பி, அந்த அடுப்பு இன்னைக்குத்தான் இப்படி. விருந்து மாதிரி. இதைக் கணக்குல சேர்க்கக்கூடாது" என்று ஹாஜி அவசரமாகச் சொன்னார். பராத் மாஹ்ரூவைப் பார்த்தான். எல்லோரும் அவளைத்தான் பார்த்தோம்.

அவள் குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"ஒண்ணு. எழுதிக்குங்க."

"அம்மா!" என்று ஹாஜி தலையில் கை வைத்தார். "யோசிச்சுச் சொல்லும்மா. நர்ஸு வேணும்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்? ஒரு வீட்டுல போகுதே எல்லாம்!"

"எனக்கும் தெரியும் ஹாஜி. போன வாரம் ரெண்டு, அதனால ரெண்டுன்னு சொன்னேன். இன்னைக்கு ஒண்ணு, ஒண்ணுங்கிறேன். உங்க நர்ஸுக்காக நான் இன்னும் பத்து வருஷம் தனியா சமைக்கணுமா? அவ்வளவு அவசரம்னா நீங்க உங்க பொண்டாட்டியைத் தனி அடுப்பு போடச் சொல்லுங்க. இருபது ஆயிரும்."

"நாளைக்கே போடறேன்" என்றாள் சுவரோரம் நின்ற ஹாஜியின் பெண்சாதி. "முப்பது வருஷமா அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

முற்றம் முழுக்கச் சிரிப்பு. ஹாஜிகூடத் தாடிக்குள் சிரித்துவிட்டார். பெஹ்ரூஸ் சிரித்துக்கொண்டே எழுதினான். குடும்பம் பத்தொன்பது. எழுபத்திமூன்று பேர். பிறகு பேனாவை நிறுத்தி மாஹ்ரூவின் மடியைப் பார்த்தான்.

"இந்தக் குட்டி அம்மா வந்த பிறகுதான் இந்தப் பக்கத்தை எழுதறேன். சேர்த்துக்கலாமா?"

"அவளை விட்டுருவீங்களா?" என்றாள் இஸ்மத் அடுப்படியிலிருந்து, கரண்டியோடு. அப்படி எழுபத்திநாலு ஆயிற்று.

எழுந்து போகும் முன் அவன் தன் வரைபடத்தை விரித்து, வடகரையில் இருந்த எங்கள் ஊர்ப் பெயரை அடித்துவிட்டு, தென்கரையில், ஹவ்ஸே சங்குக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு புள்ளி வைத்தான். ஊர் இருக்கிற இடமே தப்பாக இருந்தது என்று ஒரு தாள் எழுதிச் சேர்த்தான். அந்தத் தாளில் என்ன இருந்ததோ, அடுத்த கோடைக்கு மாவட்ட ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஆறு குறுக்கிடாமல் நடந்து போகிற தூரத்தில் இரண்டு ஊர் இருந்தால் சேர்த்துக் கணக்கிடலாமாம். நாங்கள் பத்தொன்பது, ஹவ்ஸே சங்கில் பதினாலு. இரண்டுக்கும் நடுவில் சுகாதார அறைக்குச் செங்கல் இறக்கினார்கள். தன் முயற்சியால்தான் என்று சஃப்தர் ஹாஜி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் மறுப்பதில்லை.

அது பிறகு வந்தது. அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் தெரியாது. சுகாதார அறை போயேபோயிற்று என்றுதான் நினைத்துக்கொண்டோம். இருந்தும் அன்று மத்தியானம் அந்த முற்றத்தில் ஒருவர் முகத்திலும் வாட்டமில்லை. வெயில் இதமாக இருந்தது. காச்சி இறங்கியது. ஆளுக்கொரு கிண்ணம். பெஹ்ரூஸுக்கு இரண்டு. பராத் தன் கிண்ணத்தை வழித்துத் தின்றான். எழுந்து போய் மறுபடி எடுத்தான். மூன்றாம் தரமும் சட்டிப் பக்கம் போனபோது வாசலில் இருந்து மாஹ்ரூவின் குரல் வந்தது.

"அத்தான்! அது பிள்ளை பெத்தவளுக்குக் கிண்டினது. பெத்தது நான், நீங்க இல்ல."

பராத் கரண்டியும் கையுமாக நின்றான். ஒரு வருஷமாக அவனை யாரும் அந்த வீட்டில் இப்படி உரிமையோடு அதட்டியதில்லை.

"வண்டி ஓட்டினது நான்தானே?" என்றான் மெல்ல.

"ஓட்டின லட்சணம்! மணல்ல குறுக்கே திருப்பினீங்களே, என் உசிரே தொண்டைக்கு வந்துடுச்சு. கிண்ணத்தைக் கீழ வைங்க."

அவன் கீழே வைத்தான். மாஹ்ரூ அவனையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு குழந்தையை இஸ்மத்தின் கையில் கொடுத்துவிட்டு, "இங்க கொண்டுவாங்க" என்று அவன் கிண்ணத்தை வாங்கி, தன் கிண்ணத்தில் இருந்ததில் பாதியை அதில் வழித்துப் போட்டாள்.